கேட்குது... ஆனா புரியல!

கும்மிடிப்பூண்டி ஆலைத் தொழிலாளர்களின் காதுகளுக்கு யார் கணக்கு வைப்பது?

ஆலை இரைச்சலில் காது பழுதானவர்கள் மருத்துவரிடம் வந்தால், "காது கேட்கல" என்று தொடங்குவது அபூர்வம். "கேட்குது டாக்டர், என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்பார்கள். அடுத்து, "ராத்திரி படுத்தா காதுக்குள்ள ஙொய்னு ஒரே இரைச்சல்" என்பார்கள். மூன்றாவது புகாரைச் சொல்வது கூடவே வந்த மனைவியாக இருக்கும். "டி.வி.ய தெருவுக்கே கேக்குற மாதிரி வெக்கிறாருங்க."

மூன்றும் சேர்ந்து வந்தால், அனுபவமுள்ள காது மூக்கு தொண்டை மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி, "எங்க வேலை பாக்கறீங்க?" என்பதுதான். திருவள்ளூர் மாவட்டத்தில் அதற்கு வரக்கூடிய பதில்கள் பல: கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய் கண்டிகை சிப்காட், காக்களூர், திருமழிசை தொழிற்பேட்டைகள், எண்ணூர் பக்கத்து அனல்மின் நிலையங்கள். இந்தக் கட்டுரை கும்மிடிப்பூண்டியை மையமாக எடுத்துக்கொள்கிறது. இரும்பு உருக்கும், கம்பி இழுக்கும் ஆலைகள் அங்கே நெருக்கமாக நிற்பதுதான் காரணம்.

சென்னைக்கு வடக்கே சுமார் 45 கிலோமீட்டர். கொல்கத்தா நெடுஞ்சாலை ஒரு பக்கம், ரயில் பாதை ஒரு பக்கம். சென்ட்ரலிலிருந்து புறப்படும் புறநகர் ரயில்களில் பல இங்கேதான் முடிகின்றன. உள்ளூர்க்காரர்களோடு பொன்னேரி, கவரைப்பேட்டை, ஆரம்பாக்கம் பக்கத்து இளைஞர்களும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்களும் ஷிஃப்டுக்கு நுழைகிறார்கள். நாம் வீடு கட்ட வாங்கும் டி.எம்.டி. கம்பியின் பயணத்தைக் காதால் மட்டும் தொடர்ந்து பாருங்கள். காந்தக் கிரேன் பழைய இரும்பைத் தூக்கி வந்து கொட்டுகிறது. உலை உறுமுகிறது. சிவந்த பில்லெட் பாளம் உருளைகளுக்குள் பாய்கிறது. ஓடும் கம்பியை ஷியர் இயந்திரம் வெட்டுகிறது. வெட்டிய கம்பிகள் கூலிங் பெட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. பக்கத்து ஷெட்டில் கைக் கிரைண்டர். எங்கோ ஒரு மூலையில் கம்ப்ரசர் காற்றைக் கக்குகிறது. தகரக் கூரை எல்லாவற்றையும் திருப்பி அடிக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் சத்தம் 90 டெசிபெலைத் தாண்டுவது சாதாரணம். கைக் கிரைண்டர் பக்கத்தில் 100ஐத் தொடும்.

டெசிபெல் என்ற அளவு ஆளை ஏமாற்றிவிடும். 85க்கும் 100க்கும் 15தானே வித்தியாசம் என்று தோன்றும். ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் காதில் மோதும் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகிறது. அப்படிப் பார்த்தால் 85இல் இருப்பதைப் போல 32 மடங்கு ஆற்றல் 100இல் இருக்கிறது. கருவி இல்லாமலே ஒரு சோதனை செய்யலாம். கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கிறதா? அங்கே சத்தம் 85ஐத் தாண்டியிருக்கும். அப்படி நாள் முழுக்கக் கத்திக் கத்தியே குரல்நாண்களில் முடிச்சு விழுந்து, தொண்டை கட்டிய குரலோடு அதே மருத்துவரிடம் வருபவர்களும் உண்டு.

உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் சுமார் 15,000 முடிச்செல்கள் இருக்கின்றன. பிறக்கும்போது வந்தவை அவ்வளவுதான். தோல் போல, எலும்பு போல அவை திரும்ப வளர்வதில்லை. ஒரு ஷிஃப்ட் இரைச்சலில் அவை சோர்ந்துபோகும். காது அடைத்த மாதிரி இருக்கும். மறுநாள் காலையில் சரியாகிவிடும். ஆபத்தே அந்தச் சரியாவதில்தான் இருக்கிறது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் அதே அடி விழும்போது செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. வலி இல்லை, சீழ் இல்லை, காய்ச்சல் இல்லை. செத்த செல்லை உயிர்ப்பிக்க இன்றுவரை மருந்தும் இல்லை, அறுவை சிகிச்சையும் இல்லை.

முதலில் அடிவாங்குவது 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்து உயர்ந்த ஒலிகளைப் பிடிக்கும் செல்கள். நம் பேச்சில் உயிரோசைகள் தாழ்ந்த அலைவரிசையில் வருகின்றன. சத்தத்தின் கனம் அவற்றில் இருக்கிறது. ச, ட, த, க, ப போன்ற ஒலிகளை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்துக்காட்டும் நுட்பம் பெரும்பாலும் உயர்ந்த அலைவரிசைகளில் இருக்கிறது. அது போனால் யாரோ பேசுவது தெரியும். சொன்னது கட்டா, தட்டா, பட்டா என்று தெரியாது. கல்யாண வீட்டுக் கூட்டத்தில், பஸ்ஸில், போனில் தடுமாறும். "கேட்குது, புரியல" என்பதன் பொருள் இதுதான். பேரப்பிள்ளையின் மெல்லிய குரல் முதலில் நழுவிப் போவதும் இதனால்தான்.

இது புதிய கண்டுபிடிப்பு எதுவுமில்லை. வெனிஸ் நகரத்தின் செம்புக் கொல்லர்கள் காது மந்தமாகி, அதே வேலையில் வயதானால் முழுச் செவிடாகிவிடுவதை இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700களின் தொடக்கத்திலேயே எழுதிவைத்தார். 1886இல் கிளாஸ்கோ நகரத்துக் காது மருத்துவர் தாமஸ் பார், 100 பாய்லர் தொழிலாளர்களையும் 100 தபால்காரர்களையும் ஒரு கடிகாரத்தின் டிக்டிக் ஒலியை வைத்துச் சோதித்தார். பாய்லர் தொழிலாளர்களில் ஒருவருக்குக்கூட இயல்பான செவி இல்லை. இந்தியாவில் வார்ப்பு, ஃபோர்ஜிங் ஆலைத் தொழிலாளர்களிடம் நடத்தி 2013இல் வெளியான ஓர் ஆய்விலும், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் நடுத்தர, உயர்ந்த அலைவரிசைகளில் செவித்திறன் குறைந்திருந்தது தெரிந்தது.

அறைக்குள் அரை மணி நேரம்

கடிகாரத்தை வைத்துச் சோதித்த காலம் போய்விட்டது. இன்றைய காதுப் பரிசோதனை எளிமையானது, வலியில்லாதது, அரை மணி நேரத்துக்குள் முடிவது. ஆனால் ஒழுங்காகச் செய்தால்தான் அதற்கு மதிப்பு. அது எப்படி நடக்க வேண்டும் என்று தொழிலாளிக்குத் தெரிந்திருந்தால், தனக்குச் செய்தது சோதனையா சடங்கா என்று அவரே சொல்லிவிடுவார்.

முதலில் சிறு விளக்கோடு காதுக்குள் பார்ப்பார்கள். குறும்பி அடைத்திருந்தால் அதை எடுக்க வேண்டும். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா, சீழ் வடிகிறதா என்று கவனிக்க வேண்டும். பிறகு 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை. அதைத் தட்டி, காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைத்து, பிறகு காதுக்கு முன்னால் பிடித்து, எங்கே நன்றாகக் கேட்கிறது என்று கேட்பார்கள். நெற்றியில் வைத்து எந்தப் பக்கம் கேட்கிறது என்பார்கள். ரின்னே, வெபர் என்ற இரண்டு ஜெர்மானிய மருத்துவர்களின் பெயரால் வழங்கும் இந்தச் சோதனைகள் 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இன்றும் ஒரு நிமிடத்தில் பாதி விடையைத் தந்துவிடுகின்றன.

அடுத்தது ஆடியோமெட்ரி. ஓசை புகாத சிறு அறை. வலக் காதுக்குச் சிவப்பு, இடக் காதுக்கு நீலம் என்று ஹெட்போன். கையில் ஒரு பொத்தான். "எவ்வளவு லேசாகக் கேட்டாலும் அழுத்துங்க" என்பார் ஆடியாலஜிஸ்ட். 1,000 ஹெர்ட்ஸில் தொடங்குவார். கேட்டால் 10 டெசிபெல் இறக்குவார், கேட்காவிட்டால் 5 ஏற்றுவார். இப்படி இறக்கி ஏற்றி, ஒவ்வொரு அலைவரிசையிலும் கேட்கிற கடைசி விளிம்பைக் கண்டுபிடிப்பார். வலக் காதுக்குச் சிவப்பு வட்டம், இடக் காதுக்கு நீலப் பெருக்கல் குறி. அவற்றை இணைக்கும் கோடுதான் ஆடியோகிராம். பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் ஓர் அதிர்வுக் கருவியை வைத்து மறுபடி எடுப்பார். காற்று வழியாகக் குறைவாகவும் எலும்பு வழியாக நன்றாகவும் கேட்டால், கோளாறு வெளிக்காதிலோ நடுக்காதிலோ இருக்கிறது. அதில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்ய முடியும். இரண்டும் ஒன்றாகக் குறைந்திருந்தால் உள்காது.

ஆலை இரைச்சலின் கைரேகை அந்தக் கோட்டில் தெரியும். 4,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம், 8,000இல் மறுபடி மேலேறும் கோடு. வயதால் வரும் மந்தத்தில் கோடு இப்படி மேலேறாது, ஒரே சரிவாக இறங்கிக்கொண்டே போகும். தொடக்க காலத்தில் இந்தப் பள்ளம் மிகத் தெளிவாக இருக்கும். வருடங்கள் போகப் போக பள்ளம் அகலமாகி, வயதின் சரிவோடு கலந்துவிடும். அப்போது எது ஆலை, எது வயது என்று பிரிப்பது கடினம். 500, 1,000, 2,000 ஹெர்ட்ஸ் மூன்றின் சராசரியை மட்டும் எழுதி "நார்மல்" என்று முடித்துவிடும் அறிக்கையில் இந்தப் பள்ளம் தெரியவே தெரியாது. உங்கள் அறிக்கையில் 4,000க்கு நேரே என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். 25க்கு மேல் இருந்தால் கேள்வி கேளுங்கள்.

இரண்டு விஷயங்கள் முழுச் சோதனையையும் கெடுத்துவிடும். ஒன்று, இடம். கம்ப்ரசருக்குப் பக்கத்து அறையில், மின்விசிறி ஓட ஓட, கதவைத் திறந்துவைத்து எடுத்த ஆடியோகிராமுக்குக் காகித விலைகூடக் கிடையாது. இரண்டாவது, நேரம். இரவு ஷிஃப்ட் முடித்துக் காலை 6 மணிக்கு வெளியே வந்தவரை 9 மணிக்குச் சோதித்தால், சோர்ந்த காதின் தற்காலிக மந்தமும் சேர்ந்து பதிவாகும். குறைந்தது 14 மணி நேரமாவது இரைச்சலிலிருந்து விலகியிருந்த பிறகு எடுத்த முதல் சோதனைதான் அளவுகோலாக நிற்கும்.

சட்டத்தில் இருக்கிறது

1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களைப் பட்டியலிட்டது. இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பும் அதில் ஒன்று. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பும் அந்தப் பட்டியலைத் தொடர்கிறது. ஆலை நிர்வாகத்துக்கு மட்டும் இந்தக் கடமை என்று நினைக்க வேண்டாம். ஆலைத் தொழிலாளி ஒருவருக்கு இந்த நோய் இருப்பதாக நினைக்கும் எந்த மருத்துவரும், தெருமுனையில் கிளினிக் வைத்திருப்பவர் உட்பட, ஆய்வுத்துறைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எத்தனை மருத்துவர்களுக்கு இது தெரியும்?

தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ் வகுத்த மாதிரி விதிகள் இன்னும் தெளிவானவை. இரைச்சல் வரம்பைத் தாண்டும் இடத்தில் வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும், சேர்ந்த 14 நாளுக்குள் காதுப் பரிசோதனை. அதன்பிறகு 12 மாதத்துக்கு ஒருமுறையாவது மறுபரிசோதனை. 125 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை எந்தெந்த அலைவரிசைகளில் அளக்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறார்கள்.

இழப்பீடும் உண்டு. இ.எஸ்.ஐ. சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இரைச்சலால் வரும் செவிக் குறைபாடு இருந்தது. இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலும் இருந்தது. ஆறு மாதமாவது தொடர்ந்து அத்தகைய வேலையில் இருந்திருந்தால், நோய் வேலையால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்பது விதி. இவ்வளவும் இருந்தும் நடந்தது என்ன? இந்தியாவில் 1948 முதல் இழப்பீட்டுக்குரியதாக இருந்த இந்த நோய்க்கு முதல் இழப்பீடு கிடைத்தது 1996இல். இடையில் 48 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளில் நாட்டின் நெசவாலைகளிலும் உருக்காலைகளிலும் காது போனவர்கள் ஒரு பைசா வாங்காமல் ஓய்வுபெற்றுப் போய்ச் சேர்ந்தார்கள்.

ஏன் கிடைக்கவில்லை? காரணம் பல இருக்கலாம். எனக்கு முதன்மையாகத் தெரிவது, தொழிலாளியின் கையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் ஆடியோகிராம் தாள் இல்லாதது. பதினைந்து வருடம் கழித்து எடுத்த ஆடியோகிராம், இன்று காது எப்படி இருக்கிறது என்று மட்டுமே சொல்லும். ஆலைக்குள் நுழையும்போது எப்படி இருந்தது என்று அது சொல்லாது. "முன்னாடியே மந்தமா இருந்திருக்கும்", "வயசாயிடுச்சு", "ஹெட்போன்ல பாட்டு கேட்டிருப்பாரு" என்று யாரும் சொல்லிவிடலாம், மறுக்க ஆதாரம் இல்லை. அமெரிக்காவில் 2,000, 3,000, 4,000 ஹெர்ட்ஸ்களின் சராசரி, முதல் சோதனையைவிட 10 டெசிபெல் நகர்ந்தாலே நிர்வாகம் அதைத் தொழிலாளிக்கு எழுத்தில் தெரிவித்துப் பாதுகாப்பைக் கூட்ட வேண்டும். முதல் சோதனை இல்லையென்றால் நகர்ந்ததை எதைக் கொண்டு அளப்பது?

கும்மிடிப்பூண்டியில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. ஒப்பந்தத் தொழிலாளி இந்த வருடம் ஒரு மில், அடுத்த வருடம் பக்கத்து மில், அதற்கடுத்து வேறு மாநிலம் என்று நகர்கிறார். ஒப்பந்ததாரர் மாறினால் புது ஆள், புது ஃபைல். காது மட்டும் அதே காது. எந்த நிர்வாகமும் தன் பங்கு எவ்வளவு என்று அறிய வேண்டிய கட்டாயம் இல்லாமல், எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் காதைச் செலவழிக்கிறார்கள். ஒழுங்காக ஆலை நடத்தும் முதலாளிக்கும் இது நியாயமில்லை. வேறிடத்தில் போன காதுக்கு அவர் பதில்சொல்ல நேரலாம். முதல் நாள் தாள் அவரையும் காக்கும்.

12 மணி நேரக் கணக்கு

நம் மாதிரி விதிகளின் வரம்பு 8 மணி நேரத்துக்கு 90 டெசிபெல். 5 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகும். 95க்கு 4 மணி நேரம், 100க்கு 2 மணி நேரம். அமெரிக்காவின் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைப்பது 85 டெசிபெல், 3 கூடினாலே நேரம் பாதி. அந்தக் கணக்கில் 100 டெசிபெல் இரைச்சலில் ஒருவர் நிற்கக்கூடியது 15 நிமிடம்தான். ஒரே சத்தம், ஒரே மனிதக் காது. இங்கே இரண்டு மணி நேரம், அங்கே கால் மணி நேரம். நம் வரம்பு பழையது, அதை இறக்கியே ஆக வேண்டும்.

இந்த வரம்பும் 8 மணி நேர வேலைக்குத்தான். ஓவர்டைமோடு 12 மணி நேரம் நிற்பவருக்கு அதே சூத்திரப்படி 87 டெசிபெல்தான் எல்லை, நியோஷ் கணக்கில் சுமார் 83. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியது; எதிர்ப்புக்குப் பின் மே தினத்தன்று அரசு அதைத் திரும்பப் பெற்றது. அந்த விவாதத்தில் உடல் அசதி பேசப்பட்டது, குடும்ப நேரம் பேசப்பட்டது. ஓய்வு நேரம் குறைந்தால் காது தேறும் நேரமும் குறையும் என்பதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை.

இன்னொரு கணக்கும் விடுபடுகிறது. ஈயம், டொலுவீன், ஸ்டைரீன், கார்பன் மோனாக்சைடு ஆகியவை தாமாகவே உள்காதைத் தாக்கக்கூடியவை. இரைச்சலோடு சேர்ந்தால் பாதிப்பு கூடும். ஈயம் உருக்குதல், பெயின்ட் அடித்தல், ரப்பர், பிளாஸ்டிக் வேலைகள் இந்த மாவட்டத்தில் எல்லாமே இருக்கின்றன. அங்கே இரைச்சல் அளவை மட்டும் பார்த்து "வரம்புக்குள்" என்று சொல்வது போதாது.

"அதான் இயர் பிளக் குடுக்கறோமே" என்பது வழக்கமான பதில். பஞ்சு வைத்துக்கொள்பவர்களும் உண்டு. பஞ்சு தடுப்பது மிகக் கொஞ்சம். நுரை பிளக்கை விரலால் மெல்லிய குச்சிபோல் உருட்டி, மறுகையால் காதை மேலே பின்னால் இழுத்து, உள்ளே விட்டு, விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். உருட்டாமல் நுனியைச் செருகிக்கொண்டால் பயன் இல்லை. உறையில் 29 டெசிபெல் என்று அச்சிட்டிருந்தாலும், நடைமுறைக்கு அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கில் எடுப்பது சுமார் 11. ஷிஃப்டின் பாதி நேரம் கழற்றி வைத்தால், 30 டெசிபெல் தடுக்கும் பிளக்கின் மொத்தப் பலன் வெறும் 3 ஆகிவிடும். உலை வெப்பத்தில் வியர்த்து வழியும் காதில், அழுக்குக் கையால், சூப்பர்வைசர் சொல்வதைக் கேட்பதற்காக நாளுக்கு இருபது முறை கழற்றி மாட்டும் ஒன்றிடம் எல்லாப் பொறுப்பையும் ஒப்படைக்க முடியாது. கிரேன் சைரனையும் ஃபோர்க்லிஃப்ட் ஹாரனையும் கேட்காமல் விடும் ஆபத்தும் கூடவே இருக்கிறது.

சத்தத்தைப் பிறக்கும் இடத்தில் குறைப்பதுதான் முதல் வேலை. கம்ப்ரசரைத் தனி அறையில் அடைக்கலாம். காற்றுக்குழாய் முனைகளுக்குச் சைலன்சர் போடலாம். கம்பி விழும் சரிவுகளுக்கு ரப்பர் ஒட்டலாம். தேய்ந்த பேரிங்கை உடனே மாற்றலாம். இதற்கெல்லாம் கோடிகள் தேவையில்லை.

காதுக்கு ஒரு கணக்குப் புத்தகம்

அரசு செய்யக்கூடியது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தொடங்கி, பிறகு தொழிலாளர்களைத் தேடி ஆலைகளுக்குள்ளும் போகிறது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கும் அந்தக் குழுவோடு ஓர் ஆடியாலஜிஸ்டையும், ஓசை புகாத அறை பொருத்திய ஒரு வண்டியையும் அனுப்பட்டும். 2022 ஜனவரியில் திறந்த திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி இதற்கு மையமாக இருக்கலாம். கும்மிடிப்பூண்டியிலிருந்து திருவள்ளூர் போய்வர ஒரு நாள் கூலி போகும். அதனால் வண்டிதான் சிப்காட்டுக்கு வர வேண்டும். பொத்தானை அழுத்தும் சோதனைக்கு மொழி தடையில்லை, ஒடிசாக்காரருக்கும் பீகார்க்காரருக்கும் ஒன்றேதான். ஒவ்வொரு ஆடியோகிராமும் தொழிலாளியின் இ.எஸ்.ஐ. எண்ணோடு இணைந்து, ஒப்பந்ததாரர் மாறினாலும் மாநிலம் மாறினாலும் அவர் பின்னாலேயே போக வேண்டும். அதன் ஒரு நகல் அவர் கையிலும் இருக்க வேண்டும்.

அதுவரை, ஆலையில் சேரப்போகும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். சேருவதற்கு முன்போ, சேர்ந்த இரண்டு வாரத்துக்குள்ளோ, ஓர் அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம் எடுத்துக்கொள்ளுங்கள். நிர்வாகம் எடுத்தால் நகல் கேளுங்கள். வேலையிடத்துப் பாதுகாப்பு, சுகாதாரம் பற்றிய தகவலைக் கேட்டுப்பெறும் உரிமையைச் சட்டம் உங்களுக்குத் தந்திருக்கிறது. அந்தத் தாளைப் போனில் படம் பிடித்து வீட்டாருக்கும் அனுப்பிவையுங்கள். வருடம் ஒருமுறை புதிய தாளை அதோடு ஒப்பிட்டு, 4,000க்கு நேரே உள்ள எண் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.